நைனாவை அடக்கம் செய்த இடம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன கார்த்திகையில் என் அம்மா சாகக் கிடந்தாள். இதயம் வீங்கிவிட்டது, இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீடு என்று எனக்கு ஒன்று இருந்தால்தானே கூட்டிப் போக.

என் பெயர் சாமுவேல். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு செங்கல் சூளை, லாரி கிளீனர், காக்கிநாடாவில் விசைப்படகு, மங்களூரில் ஐஸ் உடைக்கிற வேலை. எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆலயத்துக்கும் ஒழுங்காகப் போனதில்லை. அம்மா தடா பக்கம் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனும் போய், அவர் பிள்ளைகள் இனி பார்க்க முடியாது என்றதும், பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பிடித்து அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்தேன். படுக்க முடியாது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன உங்க நைனாகிட்ட வெச்சுடு. வேற எங்கயும் போட்டுடாத."

நைனா என்றால் அப்பா. அவர் இறக்கும்போது எனக்கு நான்கு வயது என்று அம்மா சொல்வாள். ஏரிக்குள் இருக்கும் தீவு ஊர் எங்களுடையது. அங்கே பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், அம்மாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வாரமே அவள் அண்ணன் வந்து எங்களைத் தடாவுக்குக் கூட்டிப் போனார். அவள் திரும்பி வரவே இல்லை. புருஷனை எந்த மண்ணில் வைத்தார்கள் என்று கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் எல்லோரையும் படகில் கொண்டுபோய்ப் பழவேற்காடு டவுன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வைப்பார்கள், அவரையும் அங்கேதான் வைத்திருப்பார்கள் என்று நாற்பத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

டவுன் ஆலயத்துச் செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர். தோட்டத்தில் இடம் இல்லை, நீங்கள் இந்தச் சபையின் உறுப்பினரும் இல்லை, ஆனால் குடும்பக் கல்லறை இருந்தால் அதைத் திறந்து வைக்கலாம், அதற்கு அடக்கப் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயர் இருக்க வேண்டும் என்றார். பழைய பதிவேடுகளைத் துணியைப் பிரித்து எடுத்தார். எனக்கு ஓரளவுதான் வாசிக்க வரும், அதுவும் பழைய கையெழுத்து. அவரே விரலை வைத்து வாசித்தார். அம்மா சொன்ன வருஷம், அதற்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. நைனாவின் ஞானஸ்நானம் இருந்தது. கல்யாணம் இருந்தது. என் ஞானஸ்நானம்கூட இருந்தது. சாவு மட்டும் இல்லை.

"புக்குல இல்லாதவர நான் எங்கேர்ந்து கொண்டாருவேன் பிரதர்?" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தேன். பாதிக் கற்களில் உப்புக்காற்று எழுத்தைத் தின்றிருந்தது. தீவுக்குப் போய்க் கேட்டேன். நைனாவைத் தூக்கியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. மற்றவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நம் ஆட்கள் எல்லாரும் டவுன் தோட்டத்தில்தான், வேறெங்கே? அறைக்குத் திரும்பும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். மூச்சு விடவே அவளுக்குத் தெம்பு போதவில்லை.

ஒருநாள் அவளாகவே, உங்கள் நைனா கேசுக்காகப் பொன்னேரி கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார், அது முடிவதற்குள் போய்விட்டார் என்றாள். எங்கள் ஏரியில் இன்ன நாள் இன்ன ஊர், இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். முறை தப்பி யாராவது வலை விட்டால் அடிதடி. அப்படி ஒரு கேசில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் நைனா ஆறாவது ஆள், கோர்ட் பாஷையில் ஆறாவது எதிரி. ஊருக்காகச் சண்டை போட்ட கேஸ் என்பதால் அதன் காகிதங்களை ஊர்ப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கரையான் தின்றது போக ஒரு சம்மன் மிஞ்சியிருந்தது. அதில் கேஸ் நம்பர் இருந்தது.

பொன்னேரிக்கு மூன்று முறை போனேன். மனு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். கேஸ் கட்டு எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது, பதிவேடு மட்டும்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாம் முறை அங்கிருந்த பெண் கிளார்க் தேடி எடுத்து வாசித்தார். ஆறாவது எதிரி இறந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு முடிந்தது என்று சிவப்பு மையில் ஒரு வரி. இறந்த தேதியும் இருந்தது. மே மாதம். அம்மா சொன்ன வருஷத்துக்கு இரண்டு வருஷம் முந்தி.

வராண்டாவிலிருந்தே செயலாளருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அந்த மே மாதத்தில் மூன்று அடக்கம். மூன்றும் வேறு ஆட்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. ஆண்டவரே, நான் போக வேண்டிய இடமெல்லாம் போய்விட்டேன், இனி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, அவளிடம் போய் என்ன சொல்லட்டும் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதேன். பழவேற்காடு பஸ் வந்தது, ஏறினேன்.

பஸ்ஸில் அம்மாவுக்குப் போன் போட்டேன். நைனா மே மாசத்தில் தவறியிருக்கிறார், ஆனால் ஆலயத்துப் பதிவேட்டில் இல்லை என்று சொன்னேன். அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. போனை வைத்தேன். முன் சீட்டில் மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு இரண்டு ஊர் தள்ளி, கன்னியம்மா என்று பெயர், அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏம்பா, செத்தவரு எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன், நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றும் சொன்னேன்.

"மே மாசத்துல டவுனுக்கு எப்டி எடுத்துனு வருவாங்க?"

"படகுலதான்."

"நீ ஏரிக்காரன் புள்ளதானா?" என்றார். "அப்பல்லாம் வெயில் காலத்துல முகத்துவாரத்த மண்ணு அடச்சிக்கினா ஏரில தண்ணி ஏது? டவுன் பக்கம் இடுப்பு வரைக்கும் சேறு. படகும் போவாது, ஆளும் போவ முடியாது. மேக்கால பக்கம் தரை கெட்டி, நடந்தே தூக்கினு போயிடலாம். எங்க மாமனாரையே அப்டித்தான் எடுத்தாங்க."

இப்போது கால்வாய் வெட்டி வருஷம் முழுக்கப் படகு ஓடுகிறது. அதனால் ஊரில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. தண்ணீரில் பிறந்த எனக்கும் வரவில்லை.

மறுநாள் மேற்குக் கரைக்குப் போனேன். பனைமரங்களுக்கு நடுவே சின்ன ஆலயம். அங்கிருந்த உபதேசியார் பதிவேட்டை எடுத்தார். பக்கத்தைத் திறந்த உடனே இருந்தது. நைனாவின் பெயர், வயது முப்பத்தொன்று, எங்கள் ஊரின் பெயர், சாவுக்குக் காரணம் காமாலை, கல்லறை வடக்கு வரிசையில் ஐந்தாவது. கல் இல்லை. மண் மேடுகூட இல்லை. ஐந்தாவது இடத்தை எண்ணி அங்கே நின்றேன். ஆயர் வந்து பதிவைப் பார்த்தார். நேரம் வரும்போது கொண்டுவாருங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"நடந்தா தூக்கினு போனாங்க, அந்த வெயில்ல?"

"ஆமாம்மா."

"பாவம்" என்றாள். நைனாவையா, தூக்கியவர்களையா, தெரியாது. அன்றைக்கு அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். சுகம் தாரும் என்று நான் ஜெபிக்காமல் இல்லை. அது கிடைக்கவில்லை. அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தது. படகிலேயே மேற்குக் கரைக்குக் கொண்டுபோனோம். கன்னியம்மாவும் வந்தார். பெண்கள் வரலாமா என்று படகில் ஒருவர் இழுத்தார். கன்னியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தார். குழி வெட்டும்போது நைனாவின் எலும்புகள் கிடைத்தன. வெள்ளைத் துணியில் கட்டி அம்மாவின் பக்கத்தில் வைத்தார்கள். நினைவு தெரிந்து என் நைனாவை நான் கண்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு நான் எங்கும் போகவில்லை. அந்தச் சின்னச் சபையில் பெயர் எழுதிக்கொண்டேன். பகலில் இறால் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தைக் கூட்டுகிறேன். சில நாள் பழைய ஆசை வந்து பஸ் ஸ்டாண்ட் வரை போவேன். திரும்பி வந்துவிடுவேன்.

உங்களில் யாராவது தன் மனிதர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்கலாம். இன்னும் பெரிய வேதனையில் இருக்கலாம். கேட்ட இடமெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆண்டவர் ஆலயத்துக்குள்ளிருந்து எனக்குப் பதில் அனுப்பவில்லை, கோர்ட்டிலிருந்து அனுப்பவில்லை. தம்மை வணங்காத ஒரு மீன்காரப் பெண்ணை எனக்கு முன் சீட்டில் உட்காரவைத்தார். ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஜெபிக்கத் தெரியாவிட்டால், தெரியாது என்றாவது சொல்லுங்கள். நான் சொன்னது அவ்வளவுதான்.