பட்டன் டயர்

செம்பூர் டயர் கடையில் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. எங்கள் பழைய ஜீப்பில்தான் தினமும் விக்ரோலிக்கு வேலைக்குப் போகிறேன். நாலு டயரும் மொட்டை. கூட வந்த வாப்பா, முரட்டுக் கட்டைகள் துருத்திய பட்டன் டயரைத் தட்டிக் காட்டினார். "இதயே போடுலே. மழைக்கு இதான் புடிக்கும்."

சிறுவயதில் ஒருநாள் இதே வாசனையோடு இதே ஜீப்பில் தாராவியிலிருந்து புறப்பட்டோம். அன்றுதான் வாப்பா பட்டன் டயர் மாட்டியிருந்தார். தார் ரோட்டில் அது உறுமிக்கொண்டே வந்தது. "கேளுலே, ஏக்தம் சிங்கம்லா! அசல் சிங்கம்!" என்றார். உம்மா சிரித்தாள். மழை பிடித்துக்கொண்டது. சயான் சிக்னலில் வாப்பா பிரேக்கை மிதிக்க, ஜீப் வழுக்கிப்போய் முன்னால் நின்ற பஸ்ஸில் மோதியது. முன்சீட்டில் இருந்த உம்மாவின் நெற்றி கண்ணாடியில் இடித்து ரத்தம் வழிந்தது. வாப்பா குதித்திறங்கி முதலில் டயரைத்தான் குனிந்து பார்த்தார். "புது டயருல்லா..."

"டயர அப்புறம் பாருங்க, புள்ளயப் பாருங்க," என்றாள் உம்மா, முந்தானையால் நெற்றியை அழுத்தியபடி.

பட்டன் டயர் சேற்றுக்கானது, நனைந்த தாரில் வழுக்கும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வாப்பா இன்றுவரை பிரேக்கைத்தான் குறை சொல்வார். உம்மா அந்தத் தழும்பைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் ரோட்டு டயர் கேட்டால், அன்றைய தப்பு அவருடையது என்று சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால், இந்த மழையிலும் உம்மா அதே முன்சீட்டில்தான் உட்காருவாள்.

"ரோட்டு டயரே போடுவோம் வாப்பா."

அவர் சண்டை போடவில்லை. டயரிலிருந்து கையை எடுத்தார். மெதுவாகக் கேட்டார்: "உங்க உம்மா எதுவும் சொன்னாளா?"