பிறந்த வீட்டுப் பங்கு

கம்ஷாத்தின் சாமான் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், உங்கள் வீட்டின் மேலேயே உங்களுக்குக் கோபம் வந்துவிடும். எனக்கு வருஷா வருஷம் வருகிறது. நான் அவளுக்கு மூத்த ஓர்ப்படி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். என் வீட்டு உருளைக்கிழங்கு ஜனவரியிலேயே முளைவிட்டுச் சுருங்கிப் போயிருக்கும். அவள் வீட்டில் மார்ச் வந்தாலும் சுவரோரம் மாவு மூட்டை நிற்கும், பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறுகாய் இருக்கும். ஆட்டு இரைப்பையில் அடைத்த வெண்ணெய், தேன், தினை, கிண்ணத்தில் ஊற்றி உறையவைத்துத் தட்டுத் தட்டாக அடுக்கிய பால், உத்தரத்தில் பூண்டும் உப்பும் தடவித் தொங்கும் குதிரை இறைச்சி என்று எல்லாம் இருக்கும்.

"ஊருக்கே பஞ்சம் வந்தாலும் உன் வீட்டு எலிக்கு வராதுடி" என்பேன்.

"எலிக்கும் சேர்த்துத்தான் அக்கா வெச்சிருக்கேன்" என்பாள்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வீட்டு வாசலைத் தாண்டி எவனும் பசியோடு போனது கிடையாது. புக்தர்மா ஆற்றங்கரையில் எங்கள் ஊர்தான் ரோட்டோரம் இருக்கிறது, ஊரின் முதல் வீடு அவளுடையது. பனியில் வண்டி நின்றுபோனவன், வழி தவறியவன், பெட்ரோல் தீர்ந்தவன் எல்லாருக்கும் அவள் அடுப்புதான். பிள்ளைகள் இரண்டும் நகரத்தில் படிக்கின்றன. புருஷன் ஓரால்பெக், அதாவது என் கொழுந்தன், குளிர்காலம் முழுக்க ரோட்டில் பனி தள்ளும் டிராக்டர் ஓட்டுகிறான். வாயில்லாப் பூச்சி. ஆனால் கல்யாணத்தன்று மட்டும் எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, சொல்லாமல் கொள்ளாமல் அவளை மேல் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவளைத் தூக்கி வளர்த்தது அண்ணன் தௌகென். தங்கையை வேறு ஒரு வீட்டுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். நாங்கள் சமாதானம் பேசக் கொண்டுபோன குதிரையைத் திருப்பி அனுப்பிவிட்டு, பத்துப் பேர் கேட்க, "இனிமே இந்த வீட்டுல அவளுக்குப் பங்கு கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

பங்கு என்றால் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பனி இறங்கியதும் குளிர்காலத்துக்குக் குதிரை அறுப்போம். அறுத்த அன்றே, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு, தூரத்துத் தம்பிக்கு, வயசான அத்தைக்கு என்று அவரவர் பங்கைத் துணியில் கட்டித் தொங்கவிடுவோம். வந்து சாப்பிட்டால் சந்தோஷம், வராவிட்டால் அனுப்பிவைப்போம். எனக்கு அம்பத்தாறு வயசாகிறது, இன்னும் என் தம்பி வீட்டிலிருந்து வருகிறது. கம்ஷாத்துக்கு ஒரு வருஷம்கூட வந்ததில்லை. ஊர்ப் பெண்கள் அவரவருக்கு வந்ததைப் பற்றிப் பேசும்போது அவள் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளுவாள். ஆனால் தன் வீட்டில் அறுக்கிறபோது அண்ணனுக்கு ஒரு பங்கு கட்டாமல் விடமாட்டாள். வசந்தம் வரைக்கும் தொங்கும். அப்புறம் அழுதுகொண்டே ஏதாவது கிழவனுக்குக் கொடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அண்ணன் நகரத்துக்குப் போகவும் இந்த ஒரே ரோடுதான். வருஷத்தில் நாலு தடவையாவது அவருடைய சாம்பல் நிற ஜீப் அவள் வாசலைத் தாண்டிப் போகும், திரும்பி வரும். ஒரு நாளும் நின்றதில்லை.

போன டிசம்பரில் ஒரு நாள், எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. மத்தியானம் ஓரால்பெக் என் கதவைத் தட்டினான். தாடியெல்லாம் பனிக்கட்டி.

"அண்ணி, கொஞ்சம் வாங்க. பின்னால யாரைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கேன்னு பாருங்க."

போய்ப் பார்த்தேன். டிராக்டருக்குப் பின்னால் சாம்பல் நிற ஜீப். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தௌகென் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குல்பாஷ், கன்னம் வீங்கி, சால்வையால் தாடையைக் கட்டியிருந்தாள். பல்லைப் பிடுங்க நகரத்துக்குக் கிளம்பினார்களாம்.

"ரோடு எப்ப திறக்கும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு. அல்லா மனசு வெச்சா" என்றான் ஓரால்பெக்.

"அப்ப நாங்க வண்டியிலயே இருந்துக்கறோம்."

"இருங்க, நல்லா இருங்க" என்றேன் நான். "காலையில உங்களைக் கோடாலி வெச்சுத்தான் சீட்டுலேர்ந்து பெயர்க்கணும்."

"உங்க வீட்டுல ஒரு ராத்திரி இடம் குடுங்களேன், அக்கா" என்றார் அவர்.

"என் வீட்டு அடுப்பு இடிஞ்சு கிடக்கு" என்று கூசாமல் சொன்னேன். என் வீட்டுப் புகைபோக்கி அந்த நேரம் ரயில் மாதிரி புகைவிட்டுக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குல்பாஷுக்குப் பல்வலி. அவள் யாரையும் கேட்கவில்லை, கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கினார்.

கம்ஷாத் மாவுக் கையோடு வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வாங்கண்ணே, வாங்கண்ணி" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அவர் கதவோரமாகவே, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "டீ மட்டும் போதும்" என்றார், ரோட்டுக் கடையில் சொல்வது போல.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அண்ணியின் கன்னத்தைத்தான் பார்த்தாள். நேரே சாமான் அறைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். உறைந்த பால் தட்டு ஒன்றைக் கத்திப் பிடியால் தட்டி உடைத்தாள். தினை அள்ளினாள், வெண்ணெய் வெட்டினாள், தேன் எடுத்தாள். அப்புறம் உத்தரத்துக்குக் கையை நீட்டி, ஓரத்தில் தொங்கிய அண்ணன் பங்கை இறக்கினாள்.

"அவர் சாப்பிடாம எழுந்துட்டா என்ன அக்கா பண்றது?"

"தின்னா தின்னட்டும், இல்லேன்னா வண்டியில போய் விறைக்கட்டும்" என்றேன். எனக்கும் உள்ளே பயம்தான். இத்தனை வருஷம் கழித்து வாசலுக்குள் வந்தவர், எதிரே வைத்த பங்கைத் தள்ளிவிட்டுப் போனால், அதற்கப்புறம் எந்த நம்பிக்கையை வைத்து அவள் அடுத்த வருஷம் கட்டுவாள்?

இறைச்சியைப் பெரிய பானையில் போட்டு அடுப்பேற்றினாள். அது வேகவே பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் நான் மாவைத் தகடு தகடாகத் தேய்த்து வைத்தேன். அவள் மாவு உருண்டைகளைப் பொரித்தாள், ஊறுகாய் எடுத்து வைத்தாள். மெல்ல முடியாத அண்ணிக்குத் தினைக் கஞ்சியைப் பாலில் குழைய வேகவிட்டு, வெண்ணெயும் தேனும் விட்டுக் கையில் கொடுத்தாள். குல்பாஷ் ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். வலி கொஞ்சம் அடங்கியதும் வாய் திறந்தது.

"கை மணக்குது. அதுல குறை சொல்ல முடியாது" என்றாள். "மனசுதான் சரியில்ல."

"ஏன் அண்ணி அப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? வருஷா வருஷம் என் கையால உன் பங்கைக் கட்டிக் குடுத்து விடறேன். விலாவும் தொடையும் நல்ல கொழுப்பாப் பார்த்து வைக்கறேன். 'வந்துச்சு அண்ணி'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினியா நீ? நாய்க்கு எலும்பு போட்டாலும் வாலாட்டும்."

கம்ஷாத் கரண்டியோடு நின்றுவிட்டாள். "எந்தப் பங்கு அண்ணி?"

நாங்கள் எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினோம். திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார் தௌகென்.

"என்னங்க, என்ன கேக்கறா இவ?" என்றாள் குல்பாஷ். "வாங்கிக்கிட்டா, ஒண்ணும் சொல்லலன்னு தானே எங்கிட்ட சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வாசல் வரைக்கும் வருவேன். அன்னைக்கு அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசிட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள வர்றது? போற வழியில பனி தள்றவங்க குடிசை இருக்குல்ல, அங்க ஜன்னல்ல வெச்சுட்டுப் போயிடுவேன்."

ஓரால்பெக் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அது நீங்கதானா மச்சான்? நீலத் துணியில கட்டியிருக்குமே? எந்தப் புண்ணியவான்னு தெரியாம நாங்க தின்னுட்டுத் துவா பண்ணுவோம்."

அப்புறம் குல்பாஷ் பிடித்துக்கொண்டாள் பாருங்கள். வீங்கின கன்னத்தோடு ஒரு பொம்பளை அவ்வளவு தெளிவாகத் திட்டி நான் கேட்டதில்லை. "கல்லுளிமங்கா, பொண்டாட்டிகிட்டயும் பொய், தங்கச்சிகிட்டயும் வீம்பு. நான் ஒருத்தி இத்தனை காலம் இந்தப் பொண்ணைக் கரிச்சுக் கொட்டினேனே!"

கம்ஷாத் அடுப்பை விட்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

"ஒவ்வொரு தடவையும் எங்க வாசல்கிட்ட உங்க வண்டி மெதுவாகும். நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். ரோட்டுல பள்ளம் இருக்கு, அதுக்குத்தான்னு நெனைச்சுக்குவேன், அண்ணே."

"பள்ளத்துக்கு இல்ல" என்றார். தொப்பியை இழுத்துக் கழற்றினார். "நிறுத்தத்தான் தைரியம் வரல."

அப்புறம் கம்ஷாத் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷத்தோடது எங்க?"

"வண்டியில இருக்கு."

"போய் எடுத்துட்டு வாண்ணே. பானையில இடம் இருக்கு."

தொப்பி எங்கேயோ விழுந்துகிடந்தது. அதைத் தேடாமல், வெறுந்தலையோடு அவர் பனிக்குள் இறங்கி ஓடினார்.