ஒத்திகைப் பயணிகள்

வேன் கம்பெனியில் அவளுக்குக் கட்டம்மா என்று பெயர். நாள் முழுக்கக் கணினியில் கட்டங்களை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்ததால் ஓட்டுநர்கள் வைத்தது. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். படித்தது வணிகவியல், கிடைத்தது புக்கிங் போனை எடுத்து, வெள்ளைப் பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதும் வேலை. கணினி நிரல் எழுதத் தெரியாதவர்களும் செயலி செய்துகொள்ளலாம் என்று ஒரு கருவி கிடைத்தபோது விடாமல் பிடித்துக்கொண்டாள். பயணியின் பெயருக்கு ஒரு கட்டம், ஏறுமிடத்துக்கு ஒன்று, இறங்குமிடத்துக்கு ஒன்று. இழுத்து வைத்தால் திரை தயார்.

"சமைக்காம பரிமாறுற மாதிரி இருக்கேம்மா. இதுல நீ செஞ்சது என்ன?" என்றார் முதலாளி.

அந்தக் கேள்வி அவளையும் குடைந்துகொண்டிருந்தது.

வெளியூரிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர் வேறு வந்து லாட்ஜில் தங்கியிருந்தார், ரெடிமேடாக ஒரு புக்கிங் செயலியை விற்க. "நாளைக்குக் காலையில அவர்கூட கையெழுத்து. அதுக்குள்ள உன் ஆப் சொல்லி ஒரே ஒரு வண்டி நகரட்டும், பாப்போம்" என்று முதலாளி கெடு வைத்துவிட்டார். நகர்த்த வேண்டிய ஓட்டுநர்களோ, போனில் ஆப்பை ஏற்றிக்கொடுத்தும் மசியவில்லை. எல்லோருக்கும் மூத்தவரான மீசைக்காரர், "போன் சொல்லிச்சுன்னு வண்டி எடுக்கறதுக்கு, எனக்கென்ன போனா சம்பளம் குடுக்குது?" என்றார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் கை கட்டி நின்றார்கள்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கருவியைத் திறந்தால், அது புதுப்பித்துக்கொண்டு புத்தம்புதிதாக நிற்கிறது! இனி கட்டம்கூட இழுக்க வேண்டாம், வேண்டியதை வாக்கியமாக எழுதினால் போதுமாம். எழுதிப் பார்த்தாள்: "புக்கிங் வந்தவுடன் காலியாக இருக்கும் வண்டியை ஒதுக்கி, ஓட்டுநருக்குத் தகவல் அனுப்பு." கண் மூடித் திறப்பதற்குள் அந்த விதி உருவாகி நின்றது.

"அக்கா, சொன்னா செய்யுது, பாரேன்!"

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. உங்க மாமா சொன்னாலும் செய்யறதில்ல, எழுதிக் குடுத்தாலும் செய்யறதில்ல."

தலைகால் புரியவில்லை அவளுக்கு. சோதித்துப் பார்க்க மறுநாள் காலைக்கென்று புக்கிங்குகளாகப் போட்டுத் தள்ளினாள். ஏறுமிடம் எல்லாவற்றுக்கும் சொந்த வீடுதான். விலாசம் யோசிக்க யாருக்குப் பொறுமை? பயணிகள் பெரியம்மா, சித்தப்பா, அக்கா மாமனார். திரையின் ஓரத்தில் 'ஒத்திகை' என்றிருந்த பொத்தான் அந்தக் குஷியில் விரல் பட்டு 'நேரடி' என்று மாறியதை அவள் கவனிக்கவேயில்லை.

காலையில் ஹாரன் சத்தம் வீட்டைத் தூக்கியது. அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

"ஏண்டி, நம்ம வீட்ல கல்யாணமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். சந்து முழுக்க வேன்கள், ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி. கம்பெனி வண்டி ஒன்றுகூட பாக்கியில்லை. முதல் வேனிலிருந்து மீசைக்காரர் எட்டிப்பார்த்தார்.

"பெரியம்மா எங்க? பெட்டி நிறைய இருக்குன்னு போட்டிருக்கே, நான்தான் தூக்கணுமா?"

பொத்தான் 'நேரடி'க்கு மாறியிருந்தது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது.

"அண்ணே, நீங்க ஆப் பாக்கமாட்டேன்னீங்களே?"

"பாக்கல. அது டிங்குன்னுச்சு. சும்மா என்னன்னு எட்டிப் பாத்தேன்." மீசையைத் தடவிக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் சும்மா எட்டிப் பார்த்தவர்கள்தான்.

அதற்குள் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றவும் மறந்துவிட்டார்.

"நம்ம ஷெட்ல ஒரு வண்டி இல்ல! நர்சுங்க காத்திருக்காங்க, மில்லுல ஷிப்ட் மாறணும். எல்லாம் இங்க என்ன பண்ணுது?"

"வாங்க முதலாளி, உங்க பேர்லயும் ஒரு புக்கிங் இருக்கு" என்று மீசைக்காரர் உற்சாகமாகப் போனை உயர்த்திப் படித்தார். "இறங்குமிடம்... மிருகக்காட்சி சாலை. ஒருவழிப் பயணம்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கட்டம்மா நிமிரவில்லை. தினமும் கிளம்பும்போது எடுத்துவைக்கும், மறுநாள் புக்கிங்குகள் எழுதிய வெள்ளைப் பலகையின் படம் போனில் இருந்தது. படத்தைக் காட்டினால் படித்துக்கொள்ளும் என்பதும் புது வசதிகளில் ஒன்று. ஒத்திகைப் பயணிகளை ரத்து செய்துவிட்டு, படத்தைக் கருவியிடம் கொடுத்தாள். அவளுடைய கோழிக் கிறுக்கல் வரிவரியாக நிஜ புக்கிங்குகளாக எழுந்தது. எல்லா வேன்களிலும் டிங், டிங், டிங்.

ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்பினார்கள். முன்னால் போக ஒருவராலும் முடியவில்லை. சந்தின் மறுபக்கம் முட்டுச்சுவர். ஆஸ்பத்திரி அவசரம் கிடைத்தது உள்ளே மாட்டியிருந்த மீசைக்காரருக்கு.

"நான் என்ன பறந்தா போறது?"

அவள் சுவரையும் வேன்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுதினாள்: "கடைசியாக வந்த வண்டிக்கு மிக அவசரமான பயணத்தைக் கொடு. அங்கிருந்து வரிசையாக உள்ளே வா."

மறுபடி டிங். கடைசி வேன் பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பி நர்சுகளிடம் பறந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. சந்து ஜிப் கழற்றியதுபோல் திறந்துகொண்டே வந்தது. அம்மா என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினாள். கட்டம்மாவுக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கப் பார்த்தாள், நடக்கவில்லை. கருவிக்கு எழுதத் தெரியலாம், இந்தச் சந்து முட்டுச்சந்து என்று அதற்கு யார் சொல்வார்களாம்?

மீசைக்காரர் மட்டும் மிஞ்சினார். அவருக்கு வேலை ஏதும் விழவில்லை. முதலாளி தலைக்கவசத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்சுகள் ஏறிவிட்டார்களாம்.

"இன்னொரு புக்கிங் போடும்மா" என்றார்.

"ஏறுமிடம், சார்?"

"லாட்ஜ். அந்தக் கம்பெனிக்காரர்."

அவள் விரல் நின்றுவிட்டது. "ஆபீசுக்கா சார்... கையெழுத்துக்கு?"

"ரயில்வே ஸ்டேஷனுக்கு. நான் சொன்னேன்னு வணக்கம் சொல்லி ஏத்திவிடச் சொல்லு." முதலாளி ஸ்கூட்டரை உதைத்தார். "ஒருவழிதான்."

அவள் தட்டினாள். மீசைக்காரரின் போன் டிங்கென்றது. இந்த முறை அவர் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.