பையில் இரண்டு கல்

தோழிகள் நாம் மாற்றி மாற்றி எழுதும் நம் நோட்டில் இதை ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். என் வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீங்கடி.

தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் தம்பியையும் பாபநாசம் அணைக்குக் கூட்டிப்போகிறார்.

"மூணு பேரா கிளம்பக் கூடாது. நாலாவது ஆளா ஒரு கல்லை எடுத்துக்கிடுங்க" என்றாள் அம்மா.

"அறிவியல் வாத்தியாரைக் கல்லு சுமக்கச் சொல்லுதியா?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா விடவில்லை. ஒரு கல்லை என் பையில் போட்டு, "ஏட்டி, அப்பாட்ட சொல்லாத" என்றாள்.

சற்று நேரத்தில் அப்பா பைய, சத்தமில்லாமல் வந்து, என் கையில் இன்னொரு கல்லைத் தந்தார். "உன் பைக்குள்ள வை. அம்மாட்ட மூச்சு விடாத."

யாராவது பையைத் திறந்தால் சண்டை வந்து பயணமே நின்றுவிடும். பயமாக இருக்கிறது.

இப்போது கணக்குப்படி நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேராகக் கிளம்பலாமாடி?