காட்டுக்கு நடுவே ஆறு ஏக்கர் விற்பனைக்கு

உரக்காரம்மா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளும் கணவரும் அந்த ஆறு ஏக்கரை வாங்கியபோது, மருந்தடித்தே செத்துப்போயிருந்த மண் அது. கடப்பாரை போட்டால் ணங்கென்று திருப்பி அடிக்கும். கல்லில் நார் உரிக்கப் போகிறார்கள் என்று ஊரே சிரித்தது. அவள் இலைதழையும் சாணமுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தாள். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை நிறுத்தினார்கள். ஏழாவது வருஷம் மண்வெட்டி நுனியில் ஒரு மண்புழு நெளிந்தது. கணவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு விசிலடித்தார்.

அதன் பிறகுதான் கல்குவாரிக்காரர்கள் சுற்றியிருந்த குன்றுகள்மேல் கண் வைத்தார்கள். அவள் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். நாலு வருஷம் அலுவலக வராந்தாக்களில் செருப்புத் தேய நடந்தாள். கடைசியில் உத்தரவு வந்தது: சுற்றுப்புறம் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட காடு; புதுக் கட்டடம் கூடாது; மாலை ஆறுக்கு மேல் பாதையில் வண்டி ஓடக் கூடாது. மிருகங்கள் நடமாட வேண்டுமே என்று அந்தக் கடைசி நிபந்தனையை மனுவில் எழுதியவள் அவளேதான். அக்கம்பக்கத்தார் காட்டுக்கே நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்கள் மட்டும் நடுவில் தங்கினார்கள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்த கணவர் அப்படியே சரிந்தார். வலது கை துவண்டுவிட்டது, வாய் கோணியிருந்தது. பழைய ஜீப்பில் அவரைக் கிடத்தி அவளே ஓட்டினாள். காட்டுப் பாதை முனையிலிருந்த தடுப்புக் கட்டைக்கு வந்தபோது மணி ஆறேகால். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி அடுத்த சாவடிக்குப் போயிருந்தார். அங்கிருந்த உதவியாள் வயர்லெஸ்ஸில் அவரைப் பிடித்து, அவர் ஓடிவந்து திறப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா எவ்வளவோ காப்பாத்தியிருக்கலாம்மா," என்றார் டாக்டர்.

அவள் கணவரின் கட்டிலருகே போய் நின்றாள். யாரைப் போய்த் திட்டுவது?

தினமும் பயிற்சி கொடுத்தால் கை கால் திரும்பும் என்றார்கள். அதற்கு நகரத்தில் இருந்தாக வேண்டும். விற்பதைத் தவிர வழியில்லை.

தரகருக்கு நிலத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "நாலு பக்கமும் காடு! பக்கத்து வீட்டுக்காரன் தொல்லையே கிடையாதே!" என்று ஆட்களைக் கூட்டிவந்தார். விடுதி கட்ட வந்தவர் உத்தரவைப் படித்துவிட்டுக் காரை விட்டு இறங்கவேயில்லை. இன்னொருவர், காட்டுப்பன்றி வந்தால் சுடலாமா என்று கேட்டார்.

ஆறாவதாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் மண்ணை அள்ளி மோந்து பார்த்தாள். "மழை மாதிரி வாசனை வருதுங்க!" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் வாய்க்கால்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தான். உரக்காரம்மாவுக்கு ஒரு வருஷத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. சேர்த்து வைத்திருந்த விதைப் பெட்டியை அவர்களுக்கு எடுத்துவர எழுந்தபோது அந்தப் பெண் கேட்டாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

"ஒரு அவசரம்னா ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்மா?"

தரகர் கண்ணைக் காட்டினார். ஒரு பொய் போதும். உள்ளறைக் கட்டிலில் கணவர் படுத்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

"பகல்ல ஒரு மணி நேரம். ஆறு மணிக்கு மேல எனக்குத் தெரியாதும்மா," என்றாள்.

அவர்கள் மரியாதையாக விடைபெற்றார்கள். திரும்பி வரவில்லை. "கையில வந்ததை இப்படித் தட்டி விட்டுட்டீங்களேம்மா," என்று தலையிலடித்துக்கொண்ட தரகரும் அதோடு சரி.

கடைசியில் காட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளைதான் வாங்க வந்தது. அதன் அதிகாரி நல்ல பெண், அம்மா அம்மா என்றுதான் பேசினாள். வீட்டை இடித்துவிடுவார்கள், வாய்க்கால்களை மூடுவார்கள், காட்டுக்குச் சொந்தமில்லாத மரங்களையெல்லாம் வெட்டுவார்கள்.

"பழ மரத்தையுமா?"

"ஆமாம்மா. இதுவும் காடாகணும் இல்லையா? நீங்க அன்னைக்குப் போராடினதே இதுக்குத்தானே."



பதிவு அலுவலகத்துக்குக் கணவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். சம்மதமா என்று பதிவாளர் குனிந்து கேட்டார்.

"சரி," என்றார் கணவர்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது அந்த ஒரே சொல்தான். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, அழுகை வந்தாலும் சரி, அவர் வாயில் அதுவேதான் வரும். பதிவாளர் திருப்தியாகத் தலையாட்டி மைப்பெட்டியை நகர்த்தினார். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தாள்.

நகரத்தில் மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் வைத்த கட்டடம், ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில். பயிற்சிக்காரத் தம்பி தினமும் பத்து மணிக்கு வந்து கையை மடக்கி நீட்டுவார். நாலாம் மாதம் ஒருநாள், துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு மேல முன்னேற்றம் வராதும்மா. நான் வந்து போறது வீண். வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க, எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

"சரிப்பா," என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள், லிஃப்ட் வரைக்கும் கூடப் போனாள். திரும்பி வந்து கணவரின் போர்வையைச் சரிசெய்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.