எத்தனை வயது வரை வாலிபர்?

பழைய செய்தித்தாளின் புளித்த வாசனை எங்கே வந்தாலும், சித்தூர் நூலகத்தில் சந்தித்த அந்த மனிதர் வந்து என் எதிரில் உட்கார்ந்துவிடுகிறார். சாயம் பூசிய மீசை, கத்தி மடிப்பில் சட்டை. வருடவாரியாகத் தைத்து வைத்த தமிழ் நாளிதழ்களைப் புரட்டிக்கொண்டே இருப்பார். 'வாலிபர்' என்ற சொல் கண்ணில் பட்டால் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, செல்போனில் படமெடுப்பார். மூன்றாவது தட்டில் நான் காரணம் கேட்டுவிட்டேன்.

"எனக்கு நாப்பத்திநாலு சார். புத்தூர்ல ஒரு பொண்ணு, முப்பத்தொம்பது. அதுக்குச் சம்மதம். அவங்க அண்ணன்தான் வயசானவனுக்குக் குடுக்கமாட்டேன்னு சொல்லிக்கினு கீறாரு. நாப்பது தாண்டுனவன பேப்பரே வாலிபர்னு போட்டா அவரு இன்னா பண்ணுவாரு?"

நியாயம்தானே! நானும் ஒரு தொகுப்பை இழுத்துக்கொண்டேன். லாரியை விரட்டிப் பிடித்த வாலிபருக்கு நாற்பது. கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்ட வாலிபருக்கு நாற்பத்திரண்டு. இருவரும் மாறிமாறித் தட்டினோம்; நூலகர் முறைத்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது: மாடு முட்டி முதியவர் காயம், வயது நாற்பத்துநான்கு. மனிதரின் கல்யாணமே என் விரலடியில் கிடப்பதுபோல் இருந்தது. அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன்.

மாலையில் அவரைப் புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படிக்கட்டில் நின்றபடி குனிந்து சொன்னார்: "அந்த மாடு முட்டுன நியூஸ நானும் பாத்துட்டேன் சார். அத்த வுடு. எழுதனவனுக்கு இருவது வயசு இருக்கும்."