செக்கிங்கில் ஒருத்தன், மெக்கானிக்கலில் ஒருத்தி

போன வாரம் மங்கலம் போகிற பஸ்ஸில் விலாவில் ஏதோ குத்தியது. பக்கத்தில் நின்ற பெண்பிள்ளையின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த டிராஃப்டர், இன்ஜினியரிங் பிள்ளைகள் படம் வரைகிற சட்டம். "சாரிங்க தாத்தா" என்றாள். "இருக்கட்டும் சாமி" என்றேன். அந்தக் குத்து எனக்குப் புதுசில்லை. என் மகள் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் குத்து வாங்கியிருக்கிறோம்.

அவள் மெக்கானிக்கல் எடுத்தாள். நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். எனக்குத் தெரிந்த மெக்கானிக், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் நின்றுபோனால் ஸ்குரூடிரைவரோடு வருகிற ஆள்தான். "அதுக்கு எதுக்கு கண்ணு காலேஜு? நம்ம கம்பெனியிலயே சொல்லிவுடறேன்" என்றேன். ரெண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

சேர்ந்து ரெண்டு வாரத்தில் அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் அறுபது பேர், இவள் ஒருத்திதான் பெண். பட்டறைக்குள் நுழைந்தால் பையன்கள், "கோலம் போடற கிளாசு அந்தப் பக்கமுங்க" என்கிறார்களாம். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ்கூட இல்லை.

"பக்கத்துக் காலேஜுல பி.காம் சீட்டு இருக்குதாமுங்கப்பா. கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் அங்கதான். திங்கக்கிழமை போயிச் சேந்துக்கறேன்."

பொய் சொல்லக்கூடாது, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் கேட்டாள்: "நீங்க எப்படீங்கப்பா அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல இருக்கறீங்க?"

அதைச் சொல்ல வேண்டும். நான் துணி வெட்டுகிற கட்டிங்கில் இருந்தவன். கத்தி மிஷினில் ரெண்டு விரல் நுனி போனதும் செக்கிங்கில் உட்காரவைத்தார்கள். தைத்து வந்த பனியனில் ஓட்டை, பிசிர் பார்க்கிற வேலை. எங்கள் பக்கம் அது பெண்கள் வேலை. முப்பது பெண்கள், நான் ஒருத்தன். "ஏனுங்கக்கா, டீ வந்துருச்சுங்க" என்று என்னைக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நல்லவர்கள்தான். என் சோற்றில் முட்டை வைத்ததும் அவர்கள்தான்.

"என்னைய அக்கான்னு கூப்புட்டுச் சிரிக்கறதக் கேட்டு மொத மாசம் பனியன் மூட்டைக்குப் பின்னால நின்னு அழுதேன் கண்ணு" என்றேன். அவள் அம்மாவுக்கே தெரியாத சங்கதி.

"அப்பறம்?"

"அவிய கண்ணுக்குத் தப்புன ஓட்டை எங்கண்ணுல சிக்குச்சு. சிரிப்பு கொறஞ்சுது. நிக்கலை, கொறஞ்சுது."

"அக்காவாமா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். திங்கட்கிழமை அதே காலேஜ் பஸ்ஸில்தான் ஏறினாள்.

இப்போது ஓசூரில் பெரிய கம்பெனி. அவளுக்குக் கீழே பத்துப் பதினைந்து ஆண்கள். அங்கேயும் ஏதாவது இருக்கும், இல்லாமலா போகும்? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன். "ஒண்ணுமில்லீங்கப்பா, நல்லாருக்கேன்" என்பாள். எதுவானாலும் என்னிடம் வந்து அழுது சொன்ன பிள்ளை. அந்தப் பழக்கம் எந்த வருஷம் நின்றதென்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.